வாதாடியவர் ஒருவர், தீர்ப்பு வாங்கியவர்கள் வேறு

தொண்டியிலிருந்து சட்டம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ராமநாதபுரத்துல பிறந்து, சென்னையில அட்வகேட் ஜெனரலாகி, அகில இந்திய காங்கிரசுக்கே தலைவரா இருந்த எஸ். சீனிவாச அய்யங்காரை ஏன் நம்ம மாவட்டத்துலயே யாருக்கும் தெரியல? அவ்வளவு பெரிய வக்கீல் சட்டசபைக்குப் போய் என்னதான் செஞ்சார்? அந்தப் பதவியை விட்டது சரியா?”

என் வாதம் என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அய்யங்கார் அரசியலில் எடுத்து வாதாடியதில் பெரும்பகுதி பின்னால் ஜெயித்தது. ஆனால் தீர்ப்பு வாசித்தபோது அவர் கோர்ட்டில் இல்லை. கோபித்துக்கொண்டு வெளியே போயிருப்பார், இல்லை என்றால் ஓய்ந்துபோய் வீட்டில் இருப்பார். தீர்ப்பு நகலை வாங்கிக்கொண்டு போனவர்கள் வேறு ஆட்கள். ஊருக்கு நினைவிருப்பதும் அவர்களைத்தான்.

ஆள் மாறாட்டம் ஒன்றை முதலில் சரி செய்துகொள்வோம். சத்தியமூர்த்தி ஜூனியராக இருந்தது வி.வி. சீனிவாச அய்யங்காரிடம், அவர் வேறு. மிதவாதி வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியும் வேறு. நாம் பேசுவது 1874 செப்டம்பர் 11 அன்று பிறந்த எஸ். சீனிவாச அய்யங்காரைப் பற்றி. தகப்பனார் சேஷாத்ரி அய்யங்கார் நிலபுலம் உள்ள வைணவர். அப்போது ராமநாதபுரம் என்று தனி மாவட்டம் கிடையாது. மதுரை ஜில்லாவுக்குள் இருந்த ஜமீன் அது. மாவட்டம் 1910இல்தான் வந்தது. மதுரையிலிருந்து மண்டபத்துக்கு ரயில் ஓடியதே 1902இல். அதற்கு முந்தைய தலைமுறைப் பிள்ளைகள் மதுரைக்குப் படிக்கப் போவதென்றால் வண்டி கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அப்படி மதுரையில் பள்ளிப் படிப்பு, பிறகு சென்னை மாநிலக் கல்லூரி, சட்டம். 1898இல் சென்னை ஹைகோர்ட்டில் வக்கீலாகத் தொழில் தொடங்கினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ராமநாதபுரத்துச் சீமையில் பிறந்த ஒருவர் இந்து சட்டத்தில் பேர் வாங்கியது தற்செயல் இல்லை என்பது என் எண்ணம். அந்தக் காலத்தில் இந்தியாவிலேயே வழக்குகளால் பேர்போன சீமைகளில் இது ஒன்று. நீங்கள் கல்லூரியில் தத்தெடுப்புப் பாடத்தில் மனப்பாடம் செய்யும் ‘ராம்நாட் கேஸ்’ நம் அரண்மனை வழக்குதான். ராமநாதபுரம் ஜமீன்தாரான சேதுபதி வாரிசில்லாமல் காலமாகி, ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் தத்தெடுத்தார். புருஷன் அனுமதி கொடுக்காமல் விதவை தத்தெடுக்க முடியாது, ஜமீன் சர்க்காருக்கே சேரும் என்று மதுரைக் கலெக்டர் கட்சி கட்டினார். வழக்கு அந்தக் காலத்துக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1868இல் தீர்ப்பு வந்தது: கணவரின் பங்காளிகள் சம்மதித்தால் விதவை தத்தெடுக்கலாம், தென்னாட்டில் அது செல்லும். அதோடு, எழுதிவைத்த சாஸ்திரத்தைக் காட்டிலும் தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கமே வலியது என்றும் சொன்னார்கள். அந்த ஒரு வரியை வைத்து எத்தனை தலைமுறை வக்கீல்கள் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று கணக்கில்லை. பக்கத்துச் சிவகங்கை ஜமீன் வாரிசு வழக்கு 1863இல் பிரிவி கவுன்சிலில் முடிந்தது. அதுவும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

நம் கடலுக்கும் கேஸ் உண்டு. பாக் விரிகுடாவில் சங்குப் படுகை சேதுபதிக்குச் சொந்தம், குத்தகைக்கு விடுவார். குத்தகைதாரர் படுகையிலிருந்து யாரோ சங்கு எடுத்துவிட, அது திருட்டா, கடலில் கிடக்கும் பொருள் ஒருவருக்குச் சொந்தமாக இருக்க முடியுமா என்று ஹைகோர்ட் விசாரித்தது. பாக் விரிகுடா இந்தியக் கரையைச் சேர்ந்த நீர்ப்பரப்பு, படுகைக்கு உடைமையாளர் உண்டு, எடுத்தது திருட்டே என்று முடிந்தது. 1904 தீர்ப்புத் தொகுப்பில் அது இருக்கிறது. அய்யங்கார் அப்போது ஹைகோர்ட்டில் இளம் வக்கீல். இன்றைக்கு ராமேஸ்வரத்து மீனவர்கள் விஷயத்தில் எல்லை, உரிமை என்று பேசும்போது இந்தப் பழைய கேஸும் எங்கேயோ ஒரு மூலையில் எட்டிப் பார்க்கும்.

மூன்றாவது வழக்கு கசப்பானது. கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897இல் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்து பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்பத் துணை நின்று, அதே 1897 ஜனவரியில் பாம்பனில் அவரை வரவேற்ற அதே சேதுபதிதான். அந்த வழக்கும் லண்டன் வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. அதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்பட்டதும் ‘வழக்கம்’தான். 1868இல் ஒரு விதவைக்கு உரிமை வாங்கித் தந்த அதே கோட்பாடு, நாற்பது வருடம் கழித்து ஒரு பெரிய சமூகத்தைக் கோயில் வாசலில் நிறுத்திவைத்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், வக்கீல் ஒருவருக்குச் சட்டசபை எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. கோர்ட் வழக்கத்தைப் பதிவு செய்யும்; மாற்றாது. கமுதி விவகாரத்தை மாற்ற 1939இல் சென்னைச் சட்டசபை கோயில் நுழைவுச் சட்டம் போட வேண்டியிருந்தது. அதற்குச் சற்று முன்னால் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஆட்களை அழைத்துக்கொண்டு போன வைத்தியநாத அய்யரும் வக்கீல்தான்.

அய்யங்கார் விஷயத்துக்கு வருவோம். அவர் மாமனார் சர் வி. பாஷ்யம் அய்யங்கார். சென்னையில் அட்வகேட் ஜெனரல் நாற்காலியில், அதாவது சர்க்காரின் தலைமை வக்கீல் நாற்காலியில், உட்கார்ந்த முதல் இந்தியர். அந்தக் காலத்தில் பாரிஸ்டர் ஒரு ஜாதி, வக்கீல் ஒரு ஜாதி என்பது போல ஹைகோர்ட்டில் பிரிவு இருந்தது. லண்டன் போய்வந்த பாரிஸ்டருக்கு இருந்த சலுகை உள்ளூரில் படித்த வக்கீலுக்குக் கிடையாது. வக்கீல்களாலும் முடியும் என்று காட்டிய தலைமுறை பாஷ்யம் அய்யங்காருடையது. மாமனார் பேர் கதவைத் திறந்துவிட்டிருக்கலாம். ஆனால் உள்ளே போய் நின்று பேசியது மருமகனின் சொந்தச் சரக்கு. 1916இல், 42 வயது வாக்கில், அட்வகேட் ஜெனரல் ஆனார். அதுவரை அந்தப் பதவிக்கு வந்தவர்களில் அவரே இளையவர் என்பார்கள். பிரிட்டிஷ் அரசு தரும் சி.ஐ.இ. பட்டமும் வந்தது.

இங்கே சட்ட மாணவருக்குப் பிடிக்கும் ஒரு சங்கதி. 1861 கவுன்சில் சட்டப்படியே மாகாண அட்வகேட் ஜெனரலுக்குச் சட்டமன்றக் கவுன்சிலில் இடம் உண்டு. ஆக ஒரு ஓட்டும் கேட்காமல், சர்க்கார் தரப்பு ஆளாகத்தான் ஒருவர் அப்போது சட்டசபைக்குள் நுழைந்தார். இன்றைக்கும் அரசியல் சட்டத்தின் 177ஆம் பிரிவைப் பாருங்கள்: மாநில அட்வகேட் ஜெனரல் சட்டப் பேரவையில் பேசலாம், கமிட்டிகளில் கலந்துகொள்ளலாம், ஓட்டுப் போட மட்டும் முடியாது. பழைய வீட்டின் ஒரு தூண் அப்படியே நிற்கிறது.

1919இல் ஜாலியன்வாலா பாக். அதையொட்டி அரசு நடந்துகொண்ட விதம். 1920இல் அட்வகேட் ஜெனரல் பதவியைத் தூக்கிப் போட்டார். சி.ஐ.இ. பட்டத்தையும் திருப்பிக் கொடுத்தார். சர்க்காரின் முதல் வக்கீலே எதிர்த்தரப்புக்கு வக்காலத்துப் போட்ட மாதிரி ஆயிற்று. காலியான நாற்காலியில் சி.பி. ராமசாமி அய்யர் உட்கார்ந்தார். சி.பி. அங்கிருந்து எங்கெங்கே போனார், திருவிதாங்கூர் திவான் வரை, என்பது உங்களுக்குத் தெரியும். அய்யங்கார் விட்டது எவ்வளவு பெரிய பாதை என்பதற்கு அதுவே அளவு.

பதவியை விட்டது சரியா என்று கேட்டீர்கள். சரிதான். அவர் எடுத்த முடிவுகளில் எனக்கு மறுபேச்சில்லாதது இது ஒன்றுதான். கேள்வியெல்லாம் அதற்கப்புறம் எடுத்த முடிவுகளில்தான்.

காந்தி சட்டசபைகளைப் புறக்கணிக்கச் சொன்னார். 1920 தேர்தலைக் காங்கிரஸ் விட்டது. நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. சௌரி சௌராவில் போலீஸ்காரர்கள் கொல்லப்பட்ட பிறகு ஒத்துழையாமை இயக்கம் நின்றதும், இனி என்ன என்று கேள்வி. 1922 டிசம்பர் கயா காங்கிரசில் சி.ஆர். தாஸ், மோதிலால் நேரு பக்கத்தார் சட்டசபைக்குள்ளே போய்ப் போராடுவோம் என்றார்கள். ராஜாஜி பக்கத்தார் மூச்சு விடக்கூடாது என்றார்கள். நடுவில் அய்யங்கார் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: தேர்தலில் நிற்போம், ஜெயிப்போம், ஆனால் இருக்கையில் உட்கார மாட்டோம். முழுக்க முழுக்க வக்கீல் மூளை. எதிர்த்தரப்புக்கு இடமும் போகாது, நம் கொள்கையும் கெடாது. ஆனால் இரண்டு பக்கமும் சூடாக இருக்கும்போது ராஜி பேச வருகிறவரை யார் மதிப்பார்கள்? தோற்றது. அடுத்த வருடம் காங்கிரசுக்குள்ளேயே, சட்டசபைக்குப் போக விரும்பியவர்களின் சுயராஜ்யக் கட்சி பிறந்தது. சென்னை மாகாணத்தில் அதற்குத் தலைவர் அய்யங்கார்தான்.

1926 தேர்தல்தான் அவர் வாழ்க்கையின் உச்சம். சென்னைக் கவுன்சிலில் மொத்தம் 132 இடம். அதில் தேர்தல் நடந்தது 98க்கு. சுயராஜ்யக் கட்சிக்கு 41. ஆறு வருடம் ஆண்ட நீதிக்கட்சிக்கு 21. கவர்னர் கோஷன் பெரிய கட்சியை அழைத்தார். மந்திரிப் பதவி ஏற்பதில்லை என்பது காங்கிரஸ் முடிவு; மறுத்துவிட்டார்கள். சுயேச்சையாக இருந்த டாக்டர் சுப்பராயன் மந்திரி சபை அமைத்தார்.

மறுத்ததற்கு நியாயம் உண்டு. இரட்டை ஆட்சியில் நிதி, போலீஸ் எல்லாம் கவர்னர் கையில்; கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி, கலால் மட்டும் மந்திரிகளுக்கு. பெட்டிச் சாவி வேறொருவரிடம் இருக்க, செலவுப் பட்டியலை மட்டும் நம்மிடம் தருகிற ஏற்பாடு. ஆனால் மறுத்த பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடிக்காதது. மந்திரி சபையைக் கவிழ்க்கவும் இல்லை, தாங்கவும் இல்லை. உள்ளுக்குள் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு ஊரெல்லாம் இருந்தது. சைமன் கமிஷன் விவகாரத்தில் இரண்டு மந்திரிகள் விலகியதும், சுயராஜ்யக் கட்சியிலிருந்து வந்த முத்தையா முதலியார் மந்திரியானார். சர்க்கார் வேலைகளைச் சமூகவாரியாகப் பங்கிடும் வகுப்புவாரி உத்தரவை 1928இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அவர். இன்றைக்குத் தமிழ்நாட்டில் இடஒதுக்கீட்டு வரலாறு எழுதுகிற யாரும் அந்தப் பேரை விடமாட்டார்கள். அதிக இடம் ஜெயித்த கட்சியின் தலைவர் பேர் அந்த வரலாற்றில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே கவுன்சிலில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினர், துணைத் தலைவர். கட்சியும் இல்லை, பின்னால் ஆட்படையும் இல்லை. தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்து, 1929இல் இந்து அறநிலையச் சட்டத்தில் திருத்தமும் வாங்கினார். கோயில் சேவையிலிருந்து விடுபட்டாலும் மானிய நிலம் அந்தப் பெண்களுக்கே நிற்கும்படி செய்த திருத்தம் அது. சட்டசபையில் ஒருவர் என்ன செய்ய முடியும் என்று கேட்டால் நான் அய்யங்காரைக் காட்டமாட்டேன்; அந்த டாக்டரைத்தான் காட்டுவேன்.

அய்யங்கார் சென்னைக் கவுன்சிலுக்குப் போகவில்லை. சென்னை நகரத் தொகுதியிலிருந்து டெல்லி மத்திய சட்டசபைக்குப் போனார். 1927 ஜனவரியில் திறந்த புதுக் கட்டடத்தில், நாம் 2023 வரை பாராளுமன்றம் என்று பார்த்த வட்டக் கட்டடத்தில், முதலில் உட்கார்ந்த சபை அது. பகத் சிங்கும் பட்டுகேஸ்வர் தத்தும் 1929 ஏப்ரலில் குண்டு வீசியதும் அந்தச் சபையில்தான்.

1926 டிசம்பரில் கௌஹாத்தி காங்கிரசுக்குத் தலைவர். மாநாட்டுக்கு மூன்று நாள் முன்னால் டெல்லியில் சுவாமி சிரத்தானந்தர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். தலைவராக அந்த வருடம் முழுவதும் அவர் முக்கியமாக மெனக்கெட்டது இந்து-முஸ்லிம் உடன்பாட்டுக்கு. முஸ்லிம்கள் மட்டும் ஓட்டுப் போடும் தனித்தொகுதியை விட்டு, எல்லோரும் சேர்ந்து ஓட்டுப் போடும் கூட்டுத்தொகுதிக்கு வரலாம், ஆனால் இன்ன இன்ன நிபந்தனை என்று 1927 மார்ச்சில் ஜின்னா முதலானவர்கள் டெல்லியில் ஒரு யோசனை வைத்தார்கள். அய்யங்கார் அதைக் கையில் பிடித்துக்கொண்டு காங்கிரஸ் கமிட்டியை ஒத்துக்கொள்ள வைத்தார். அக்டோபரில் கல்கத்தாவில் ஒற்றுமை மாநாடு கூட்டினார். கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் என்று மரைக்காயர்களும் மற்றவர்களும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த கரையிலிருந்து வந்தவருக்கு இது நடக்கக்கூடிய காரியமாகத் தெரிந்திருக்கலாம். இது என் ஊகம்தான். அடுத்த வருடம் மோதிலால் நேரு கமிட்டியின் அரசியல் சட்ட வரைவான நேரு அறிக்கை வந்ததும் அந்த உடன்பாடு உடைந்தது. ஜின்னா திரும்பி வரவில்லை. அந்த ஒன்றரை வருடத்தை இந்தியாவின் கைநழுவிய வாய்ப்பு என்று நான் நினைப்பதுண்டு. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் மோதிலாலையும் ஜின்னாவையும் எழுதுவார்கள். நடுவில் ஓடியாடியவரை ஒரு வரியில் கடந்துபோவார்கள்.

அதே 1927இல் ‘சுயராஜ்ய அரசியல் சட்டம்’ என்று ஒரு வரைவும் எழுதி வெளியிட்டார். மாகாணங்கள் சேர்ந்த கூட்டாட்சி என்ற கோணத்தில் எழுதியது. அரசியல் நிர்ணய சபை கூடுவதற்கு ஏறக்குறைய இருபது வருடம் முன்னால்.

அடுத்தது பூரண சுயராஜ்யம். 1927 டிசம்பர் சென்னை மாநாட்டில் ஜவஹர்லால் கொண்டுவந்த முழு விடுதலைத் தீர்மானம் நிறைவேறியது. எட்டே மாதத்தில் மோதிலாலின் நேரு அறிக்கை, பிரிட்டிஷ் பேரரசுக்குள்ளேயே தன்னாட்சி என்கிற டொமினியன் அந்தஸ்து போதும் என்றது. அய்யங்கார் ஒத்துக்கொள்ளவில்லை. சுதந்திர இந்தியா லீக் தொடங்கினார்கள்: தலைவர் அய்யங்கார், செயலாளர்கள் ஜவஹர்லாலும் சுபாஷ் போசும். ஐம்பத்து நாலு வயது வக்கீலுக்கு இரண்டு பக்கமும் முப்பது சொச்சம் வயது இளைஞர்கள். 1928 டிசம்பர் கல்கத்தாவில் காந்தி நடுவில் வந்து, பிரிட்டிஷ் சர்க்காருக்கு ஒரு வருட வாய்தா கொடுத்தார். உடனடி விடுதலை கேட்ட போசின் திருத்தம் 973க்கு 1,350 என்று தோற்றது.

வாய்தா முடிந்தது. 1929 டிசம்பர் லாகூர். ராவி நதிக்கரையில் பூரண சுயராஜ்யத் தீர்மானம் நிறைவேறியது. இரண்டு வருடமாக அய்யங்கார் கத்திக்கொண்டிருந்தது இதற்குத்தான். காரியக் கமிட்டிக்குத் தேர்தல் வையுங்கள் என்று அவரும் போசும் கேட்டார்கள். காந்தி தந்த பட்டியலே போதும் என்று முடிவாயிற்று. அதில் இந்த இரண்டு பேரும் இல்லை. ஆட்களோடு வெளியே போய், காங்கிரஸ் ஜனநாயகக் கட்சி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கேஸ் ஜெயித்த வாரத்திலேயே வக்கீல் வெளிநடப்பு. போசுக்கு அப்போது வயது 32. வெளிநடப்பு செய்தாலும் திரும்பி வர நேரம் இருந்தது. அய்யங்காருக்கு இல்லை. 1930இல் அரசியலிலிருந்து ஒதுங்கினார்.

எந்த 1930? உப்புச் சத்தியாக்கிரக வருடம். ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கிறார். கிராமத்துக்குக் கிராமம் காங்கிரஸ் போய்ச் சேருகிறது. அதுவரை மாநாட்டுப் பந்தலிலும் கவுன்சில் அறையிலும் வக்கீல் பாஷையில் நடந்த அரசியல் தெருவுக்கு வந்தது. சரியாக அந்தக் கணத்தில் அய்யங்கார் கதவைச் சாத்திக்கொண்டார். ஊர் மறந்ததற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம், அவர் நம் கரையில் ஓட்டே கேட்கவில்லை. வாழ்ந்தது மயிலாப்பூர் லஸ் பக்கம், தொகுதி சென்னை நகரம். சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டும் ஓட்டு இருந்த காலம் அது. முதுகுளத்தூரிலோ திருவாடானையிலோ உள்ள சம்சாரிக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சந்தர்ப்பமே இல்லை. மூன்றாவது, தமிழ்நாட்டில் காங்கிரஸ் பார்ப்பனர் கட்சி என்ற குற்றச்சாட்டு உச்சத்தில் இருந்த வருடங்களில் அதன் முகமாக இருந்தவர் அவர். 1925 காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரித் தீர்மானம் விழுந்து பெரியார் வெளியேறிய பிறகு, அவருடைய ‘குடி அரசு’ பத்திரிகை அய்யங்காரை விட்டுவைக்கவே இல்லை. அந்தத் தாக்குதலில் அநியாயமும் உண்டு. ஆனால் அடிப்படைக் கேள்வி நியாயமானது. தத்தெடுப்பு உரிமையில் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவருக்கு, கமுதி கோயில் வாசல் ஏன் அரசியலாகவில்லை? எனக்கும் பதில் கிடைக்காத இடம் இது.

ஆனால் ஒரு வழியில் அவர் நம் சீமைக்குத் திரும்பி வந்தார். சொத்து வழக்கு விஷயமாகச் சென்னைக்குப் போன பசும்பொன் இளைஞர் ஒருவர் அவரிடம் போய்ச் சேர்ந்தார். அய்யங்கார் வீட்டிலேயே தங்கினார் என்பார்கள். 1927 சென்னை காங்கிரசுக்கு அந்த இளைஞரை அழைத்துப் போனதும் அந்தத் தொடர்புதான். உ. முத்துராமலிங்கத் தேவருக்கு அப்போது வயது 19. பத்து வருடம் கழித்து, 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று ராமநாதபுரம் ராஜாவையே தேவர் தோற்கடித்தார். அய்யங்கார் 1938-39 வாக்கில் சற்றே வெளியே வந்து போசுக்காகப் பேசினார். 1939 செப்டம்பரில் போஸ் மதுரைக்கு வந்தபோது ஊர்வலம் நடத்தியவர் தேவர். அய்யங்காரும் போசும் லாகூரில் ஒன்றாக வெளியே போன தடம் அப்படியே நம் பக்கம் வந்து, போஸ் தொடங்கிய பார்வர்டு பிளாக் கட்சியாக நின்றதைப் பார்க்கலாம். அக்டோபர் 30ஆம் தேதி பசும்பொன்னுக்குப் போகிற வண்டிகளை எண்ணிப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அய்யங்கார் பேர் தெரியும்?

பழைய ராமநாதபுரம் மாவட்டம் (1985இல் விருதுநகரும் சிவகங்கையும் பிரிவதற்கு முன் இருந்தது) இரண்டு அகில இந்திய காங்கிரஸ் தலைவர்களைக் கொடுத்தது. 1926இல் அய்யங்கார், 1964இல் காமராஜர். காமராஜரை அய்யங்கார்தான் கண்டெடுத்தார் என்று சிலர் எழுதுவதை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. காமராஜரின் குரு சத்தியமூர்த்தி, விருதுநகரின் வெயில் இரண்டும் போதுமான விளக்கம்.

மகள் அம்புஜம்மாள் தகப்பனாருக்கு நேர் எதிர்த்திசையில் போனார். காந்தியின் ஆள். தகப்பனார் கதவைச் சாத்திய காலத்தில் மகள் தெருவுக்கு வந்து, அன்னியத் துணி மறியலில் 1932இல் சிறை போனார். 1948இல் சென்னையில் ‘சீனிவாச காந்தி நிலையம்’ தொடங்கினார். பேரைக் கவனியுங்கள்: வாழ்ந்த காலத்தில் ஒத்துப்போகாத இரண்டு பேரையும் ஒரே பலகையில் சேர்த்துவிட்டார்.

கடைசிப் பத்து வருடத்தில் அய்யங்கார் செய்த வேலையில் நின்றது ஒன்று. இந்து சட்டத்துக்கு ஜான் மேய்ன் 1878இல் எழுதிய பெரும் நூலை, 1930களின் கடைசியில் திருத்தி, விரித்துப் புதுப் பதிப்பாகக் கொண்டுவந்தார். மேய்னும் சென்னையில் அட்வகேட் ஜெனரலாகப் பணி பார்த்தவர். சட்டமும் வழக்கமும் என்பதுதான் அந்த நூலின் தலைப்பிலேயே இருக்கும் விஷயம். ராம்நாட் கேசைப் பற்றி ராமநாதபுரத்துக்காரர் எழுதினால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை இருந்தால், உங்கள் கல்லூரி நூலகத்தில் பத்தாம் பதிப்பு கிடைக்கிறதா என்று கேளுங்கள். தத்தெடுப்பு அத்தியாயத்தை எடுங்கள். 1941 மே 19 அன்று சென்னையில் காலமானார். ஆறு வருடம் இருந்திருந்தால் விடுதலையைப் பார்த்திருப்பார்.

கடைசியில் அடிக்குறிப்பு மாதிரி ஒன்று கேட்டிருந்தீர்கள்: வக்கீலாக இருந்துகொண்டே எம்.எல்.ஏ. ஆகலாமா என்று. ஆகலாம். முழுநேரச் சம்பள வேலை பார்ப்பவர் வக்கீல் தொழில் நடத்தக்கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. அதை வைத்து எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் வாதாடத் தடை கேட்டு ஒருவர் வழக்குப் போட்டார். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. மக்கள் பிரதிநிதி யாருக்கும் முழுநேர ஊழியர் இல்லை என்றது. மந்திரியானால் கதை வேறு, வக்கீல் கோட்டைக் கழற்றத்தான் வேண்டும். சட்டம் தடுக்காவிட்டாலும் இரண்டையும் சேர்த்து ஓட்டுவது லேசு இல்லை. சட்டசபைக் கூட்டத்தொடரும் வழக்கு வாய்தாவும் ஒரே நாளில் விழும்போது குமாஸ்தாதான் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். நம் மாவட்டக் கோர்ட்டுகளிலேயே விசாரித்துப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.